தஞ்சாவூர் டு இருங்காட்டுக்கோட்டை: வைக்கோல் சிக்கிய ஸ்விஃப்ட்டும் என் முதல் ரேஸ் டிராக் நாளும்!

காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் அண்ணன் கையை மட்டும் வெளியே நீட்டினார். கை நிறைய வைக்கோல்.

"சைலன்சருக்கு மேல சிக்கிக் கெடக்கு. இதோட போய் ரேஸ் டிராக்ல சுத்தினா, அங்கயே போகி கொளுத்திட்டு வந்துடலாம் தம்பி!"

பிப்ரவரி மாதம். தஞ்சாவூர் மாவட்டத்தில் சம்பா அறுவடை பாதி முடிந்து, மீதி வயலிலும் ரோட்டிலும் கிடந்த நேரம். எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. இந்த மாதங்களில் எங்கள் பக்கம் சாலை என்பது பாதி சாலை, பாதி களம். ஒரு பக்கம் நெல் காயும், இன்னொரு பக்கம் வைக்கோல் கிடக்கும், நடுவில் கிடைத்த இடத்தில் கார் போகும். அப்படிப் போகிற கார் அடியில் வைக்கோல் சுற்றிக்கொள்வது இங்கே எல்லோருக்கும் தெரியும். என்ஜின் புகைக்குழாயின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும் என்பதும் தெரியும். ஆனால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

டிராக் டே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: அது பந்தயம் அல்ல. நம் சொந்த காரை எடுத்துக்கொண்டு போய், கட்டணம் கட்டி, ரேஸ் நடக்கும் மூடிய ஓடுதளத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது. ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் விடுவார்கள். பிறகு வெளியே வந்து வண்டியை ஆறவிட்டு மறுபடி போக வேண்டும். பரிசு கிடையாது. எதிரே வண்டி வராது, ஆடு குறுக்கே வராது, மினி பஸ் திடீரென்று நடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றாது.

"அதுக்கு எதுக்குடா முந்நூறு கிலோமீட்டர் போகணும்?" என்றார் அப்பா.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையில் கும்பகோணம் தாண்டி ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். இரவு பதினொன்றரை. ரோடு காலியாக, கண்ணாடி மாதிரி கிடந்தது. சும்மா ஒரு ஆசை. முள் 140-ஐத் தொட்டது. அடுத்த விநாடி ஹெட்லைட்டில் ஒரு நீல நிறத் தார்ப்பாய் தெரிந்தது. இடப்பக்கத் தடம் முழுக்க நெல் குவியல், அதைச் சுற்றிப் பெரிய பெரிய கற்கள். பிரேக்கை மிதித்தேன். ஏ.பி.எஸ். பாதத்துக்கு அடியில் கடகடவென்று உதறியது. ஸ்டீயரிங்கை ஒடித்து, ஒரு முழ இடைவெளியில் கடந்து போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால், குவியலுக்குப் பக்கத்தில் போர்வைக்குள்ளிருந்து ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "பாத்துப் போங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

அறுவடைக் காலத்தில் என் அப்பாவும் அப்படித்தான் எங்கள் நெல்லுக்குக் காவல் படுப்பார்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. கேட்டுவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்றார். பாலிசியை எடுத்துப் படித்துக் காட்டினேன். நம் ஊர் கார் பாலிசிகளில் எல்லாம் வழக்கமாக இருக்கும் வாசகம்தான்: பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது. ரேஸ் டிராக்கில் காரை இடித்தால் கம்பெனி பைசா தராது என்று எடுத்துக்கொள்வதுதான் நமக்குப் பாதுகாப்பு. டிராக் டே போக நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் வாசிக்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

"அப்ப இடிச்சா நம்ம காசு" என்றார் அப்பா. 2019 மாடல் ஸ்விஃப்ட். கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், விதை நெல் மூட்டை ஏற்றுவதும், கல்யாணம் காட்சிக்குப் போவதும் எல்லாம் அந்த ஒரே காரில்தான்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தார். "சித்தி பையனையும் கூட்டிட்டுப் போ."

சித்தி பையனுக்கு 19 வயது. தஞ்சாவூர் பைபாஸில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பைக்குகள் சீறும் சத்தம் கேட்டிருப்பீர்கள். அதில் ஒன்று அவனுடையது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் ஒரு வருடம் வரை சிறை என்று அவனிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. 'புடிச்சாத்தானேண்ணே' என்பான். காரை ஓட்டத் தருகிறேன் என்றதும் உடனே கிளம்பிவிட்டான். அவன் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகிறது.

காரைத் தயார் செய்தல்

நான் மெக்கானிக் அண்ணனிடம் போனதே வண்டியை வேகமாக்க என்ன செய்யலாம் என்று கேட்கத்தான். அவர் வண்டி நிற்குமா என்பதைப் பற்றி மட்டுமே பேசினார்.

கணக்கு எளிது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தத் தேவைப்படும் ஆற்றல் நான்கு மடங்கு. 60-ல் போகும் காரை நிறுத்துவதைப் போல 120-ல் போகும் காரை நிறுத்த, பிரேக் நான்கு மடங்கு சூட்டை விழுங்க வேண்டும். ரோட்டில் அப்படி ஒரு தடவை மிதித்தால், அடுத்த பத்து நிமிடம் பிரேக் காற்றில் ஆறிவிடும். டிராக்கில் ஒரு சுற்றுக்கே பல தடவை மிதிக்க வேண்டும், ஆற நேரம் கிடையாது.

அதனால் முதலில் மாற்றியது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியே அதன் எல்லையாகிவிடலாம். கொதித்தால் ஆயிலுக்குள் குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் இந்த ஆயிலை எங்கள் வண்டியில் ஒருமுறைகூட மாற்றவில்லை. பழசை வடித்தபோது டிகாக்ஷன் நிறத்தில் வந்தது.

பிரேக் பேட் பாதிக்கு மேல் இருந்ததால், "இதே போதும், ஆனா ரொம்ப விரட்டாதே" என்றார். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு, எத்தனையாவது வாரம். அடுத்த இரண்டு, எந்த வருடம். பூ நன்றாக இருக்கிறதே என்று ஏழெட்டு வருட டயரோடு டிராக்குக்குப் போகக் கூடாது. ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். எங்கள் டயருக்கு வயது மூன்று, வெடிப்பு இல்லை, தேறியது. ரேடியேட்டர் முகப்பில் நெல் உமியும் தூசியும் அடை மாதிரி அப்பியிருந்ததை உள்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினோம். டெல்டாக்காரர்களுக்கு மட்டும் இந்த வேலை கூடுதல்! என்ஜின் ஆயில், கூலன்ட், பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப், சக்கர நட்டுகள் எல்லாம் சரிபார்த்தோம். நட்டுகளைக் காலால் மிதித்து முறுக்கும் பழக்கத்தை அண்ணன் அன்று விட்டுவிட்டு, டார்க் ரெஞ்சை எடுத்து, வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு முறுக்கினார்.

கடைசியாக, வண்டியைக் காலி செய்தோம். கால்மிதி, குடை, தண்ணீர் பாட்டில், ஜாக்கி, ஸ்டெப்னி, சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு தேங்காய் (எந்தக் கோயிலோ!), டேஷ்போர்டுப் பிள்ளையார். ஒட்டாமல் வைத்திருக்கும் எதுவும் திருப்பத்தில் பறக்கும். பறந்து பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் அவ்வளவுதான். பிள்ளையாரை மட்டும் அம்மா கையில் வாங்கிக்கொண்டு, "அவரில்லாம எப்படிடா?" என்றார். போகிற வழியெல்லாம் அவர் என் பையில் வந்தார்.

இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் பேராவூரணியிலிருந்து வந்திருந்த பெரியப்பா. அவர் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் ரத்தத்தில் ஊறியது. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக ஓட்டுவார்கள். "பந்தயத்துக்கு மூணு மாசம் இருக்கப்பவே மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வெச்சு, கொளத்துல நீச்ச விட்டு, பழக்குவோம். இவன் மாட்டைப் பழக்குறான், ஓட்டுறவனைப் பழக்கலியே?" என்றார்.

சரியான கேள்வி. கார் தயாராகிவிட்டது. நான்?

என் தயாரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. முகம் முழுக்க மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் (காருக்கும் ஹெல்மெட் கட்டாயம்), முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், அடி மெல்லியதான ஷூ. செருப்புக் காலோடு உள்ளேயே விடமாட்டார்கள். நைலான் துணி வேண்டாம், தீப்பிடித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சீட்டை நிமிர்த்தி, முதுகு ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படுகிற மாதிரி அமைத்துப் பழகினேன். அதுவரை நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! முந்தைய ராத்திரி ஒழுங்காகத் தூங்க வேண்டும் என்பதற்காக ஒரு நாள் முன்னதாகவே கிளம்பினோம்.

வழியெல்லாம் நெல்

தமிழ்நாட்டில் இப்படி ஓட்டிப் பார்க்க எங்களுக்கு இரண்டு திசை உண்டு. மேற்கே போனால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே; கார் வடிவமைப்பாளரும் பந்தய வீரருமான எஸ்.கரிவரதன் நினைவாகப் பெயர் வைக்கப்பட்டு 2003-ல் திறக்கப்பட்டது. வடக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. எங்களுக்குத் தேதி ஒத்துவந்தது இருங்காட்டுக்கோட்டைக்கு.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை பின் சீட்டில். கும்பகோணம் தாண்டி கொள்ளிடம் வரும்வரை இரண்டு பக்கமும் ஒரே காட்சிதான். அறுத்து முடித்த வயலில் தாள் மட்டும் நிற்கிறது. இன்னும் அறுக்காத வயல் பழுத்துத் தலை சாய்ந்திருக்கிறது. பெல்ட் வைத்த அறுவடை இயந்திரங்கள் லாரி மேல் ஏறி ஊர் மாறிப் போகின்றன. கொள்முதல் நிலைய வாசல்களில் 40 கிலோ மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன, எடை போட்டதும் போடாததுமாக.

அணைக்கரையில் டீ குடிக்க நிறுத்தினோம். கீழணை, 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டியது. அதன்மேல் போகும் பழைய பாலம் மிகக் குறுகல். அந்தப் பாலத்தில் எதிர் வண்டிக்காகக் காத்திருந்த கதை இல்லாத டெல்டாக் குடும்பமே இருக்காது. சித்தி பையன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "நம்ம ஊருல ரோடு ஏண்ணே இவ்ளோ வளையுது?" என்றான்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்களின் பழைய சாலைகள் பலவும் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் போகின்றன. வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் அரசலாறும் எப்படி வளைகிறதோ, சாலையும் அப்படியே. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். திருப்பத்தில் தவறினால் போய் விழ இரண்டே இடம்தான்.

சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டி. அங்கிருந்து சென்னை நெடுஞ்சாலை. சிங்கப்பெருமாள்கோயிலில் திரும்பி ஒரகடம் வழியாகப் போனால், நெல் முற்றிலும் மறைந்து தொழிற்சாலைகள் தொடங்குகின்றன. டிரெய்லர்களில் புத்தம்புது கார்கள் ஏறிப் போகின்றன. கார் பிறக்கும் ஊர் இது. ஹூண்டாய் ஆலையே இருங்காட்டுக்கோட்டையில்தான். அருகில் ஒரு லாட்ஜில் தங்கி, எட்டரைக்கெல்லாம் படுத்துவிட்டோம். தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

3.7 கிலோமீட்டர்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் மெட்ராஸின் கார், பைக் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிறகு சொந்தமாக இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் அமைத்தது. 1990 முதல் இங்கே பந்தயம் நடக்கிறது. 3.7 கிலோமீட்டர் நீளம், 12 திருப்பங்கள். மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று இப்போது பெயர் மாறியிருந்தாலும், பழகியவர்கள் வாயில் இன்னும் 'எம்.எம்.ஆர்.டி.'தான். 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் தமிழ்நாட்டுக்காரர், 2010-ல் ஓட்டிய கருண் சந்தோக்கும் அப்படியே. துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 2025-ல் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததும் சித்தி பையனுக்கு மனப்பாடம். அந்த உற்சாகத்தோடுதான் அவன் வாசலில் நின்று செல்ஃபி எடுத்தான்.

காலையில் முதல் வேலை, வண்டிச் சோதனை. ஒருவர் வந்து ஆயில் ஒழுகல், டயர், பேட்டரி, சீட் பெல்ட் எல்லாம் பார்த்தார். டிக்கியைத் திறந்து, காலியாக இருப்பதைக் கண்டு தலையசைத்தார். எனக்கு முன்னால் நின்ற விலை உயர்ந்த கார் ஒன்றைப் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். மனசுக்குள் மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு வகுப்பு மாதிரி ஒரு கூட்டம். கொடிகளை அங்கேதான் சொல்லித் தருகிறார்கள். மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, மெதுவாகு, முந்தாதே. சிவப்பு என்றால் நிறுத்தம், எல்லோரும் மெதுவாகப் பிட்டுக்குத் திரும்பு. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழிவிடு. கட்டம் போட்ட கொடி, உன் நேரம் முடிந்தது. மஞ்சளும் சிவப்பும் கோடு கோடாக இருந்தால் தரை வழுக்கும். டெல்டா ரோட்டுக்கு அந்தக் கடைசிக் கொடி வருடத்தில் இரண்டு மாதமாவது தேவை. நெல்மணி மேல் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஒரே காரை நாங்கள் இருவரும் மாறி மாறி ஓட்டுவதாகப் பதிவு செய்திருந்தோம். இருவருக்கும் தனித்தனிக் கட்டணம். காசு மிச்சம் என்று ஒரு வண்டியைப் பகிர்ந்துகொள்வது முதல் தடவை போகிறவர்கள் நிறைய பேர் செய்வது. அதில் உள்ள தப்பு எங்களுக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

முதல் சுற்றில் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கியரை மாற்றி விரட்டத் தயாரானபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "எங்க பாக்கறீங்க?"

நான் பார்த்துக்கொண்டிருந்தது பானட்டுக்குப் பத்தடி முன்னால். டெல்டாவில் ஓட்டிப் பழகியவன் வேறு எங்கே பார்ப்பான்? மாடு வரும், சைக்கிள் வரும், பள்ளம் வரும், நெல் வரும். இங்கே திருப்பத்துக்குள் நுழையும் முன்பே திருப்பம் முடியும் இடத்தைப் பார்க்கச் சொன்னார். கண் போகிற இடத்துக்குத்தான் கை போகும் என்றார். இரண்டு சுற்று கழித்து அப்படிப் பார்த்தேன். அதே வேகம்தான், ஆனால் எல்லாமே நிதானமாக நடப்பது போல இருந்தது. நேர்க்கோட்டில் இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும், வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பைத் தொட்டு மறுபடி வெளியே போக வேண்டும், திருப்பத்தின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடக் கூடாது. விட்டால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வரும். இதை எழுதுவது சுலபம். சி1 என்று அழைக்கிற முதல் திருப்பத்தில் கால் தானாக மேலே எழுந்தது.

வேகம் எவ்வளவு போனாய் என்று கேட்பீர்கள். முதல் மூன்று சுற்றுகளில் நான் ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவே இல்லை, நேரமில்லை. அந்த ராத்திரி நெடுஞ்சாலையில் 140-ஐ வேடிக்கை பார்க்க நேரம் இருந்தது. அதை நினைத்தபோதுதான் வியர்த்தது.

வெளியே வந்ததும் காற்றழுத்தம் பார்த்தால், டயரில் நான்கு பி.எஸ்.ஐ. ஏறியிருந்தது. சித்தி பையன் அளவுகோலோடு சக்கரம் சக்கரமாக ஓடினான். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, சூடான டிரம்மில் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கே தொடாமல் ஓட்டி ஆறவிட்டு வர வேண்டும் என்பதும் விதி. பெரியப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஓடிவந்த மாட்டை உடனே கட்டக் கூடாது, கொஞ்ச நேரம் நடத்தணும் என்பது அவர் பாடம்.

சிக்கல், நாங்கள் மாட்டை நடத்தவில்லை. நான் இறங்கியதும் அவன் ஏறினான், அவன் இறங்கியதும் நான். மனிதர்கள் இருவருக்கும் ஓய்வு, வண்டிக்கு ஓய்வே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய சுற்று அவனுடையது. பிட் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்ப்பாதையில் வந்தான், நன்றாகத்தான் வந்தான். பிரேக் பிடிக்க வேண்டிய இடம் தாண்டியது. முன்பக்கம் தாழவில்லை. கார் அப்படியே நேராகப் போய் ஓடுதளத்தை விட்டு இறங்கி, புல்லும் மண்ணும் இருந்த வெட்டவெளியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மஞ்சள் கொடி ஆடியது. எனக்கு அப்பா முகம்தான் ஞாபகம் வந்தது. பிறகு சித்தி முகம்.

புழுதி அடங்கியபோது கார் நின்றிருந்தது. எதிலும் இடிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி பிட்டுக்கு வந்தான். இறங்கியவன் கை நடுங்கியது.

"மிதிக்கிறேண்ணே. பெடல் கல்லு மாதிரி இருக்கு. நிக்க மாட்டேங்குது."

பயிற்சியாளர் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு விளக்கினார். பெடல் பஞ்சாகி உள்ளே போனால் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். பெடல் கெட்டியாக இருந்தும் நிற்கவில்லை என்றால், பேட் சூடேறிப் பிடிமானம் இழந்துவிட்டது. எங்களுடையது இரண்டாவது. ஆயிலை மாற்றினோம், பேட் சாதாரணமானதுதான், அதை இரண்டு பேர் விடாமல் சுட்டோம். 'ரொம்ப விரட்டாதே' என்று சொன்ன மெக்கானிக் அண்ணன் சொல் பேச்சு கேட்காத பலன். எரிந்த வாசனை ஒன்று வந்தால், பிரேக் பிடிக்க நேரம் கூடினால், அந்தச் சுற்றிலேயே மெதுவாகி வெளியே வந்துவிட வேண்டும். "எனக்கு ரெண்டு சுத்துக்கு முன்னாடியே வாசனை வந்துச்சுண்ணே" என்றான் மெதுவாக.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி அடியில் பார்த்தோம். புகைக்குழாயோரம் காய்ந்த புல் சிக்கியிருந்தது. நானே படுத்து இழுத்துப் போட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். புளியோதரை. அவன் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு பயிற்சியாளரைப் பார்த்து, "சார், நான் போன அந்த மண்ணு எவ்ளோ அகலம் இருக்கும்?" என்றான். அவர் கையை நீட்டிக் காட்டினார். அவன் பிட்டின் விளிம்புக்குப் போய் நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லப் போகவில்லை.

மதியம் முழுக்க வண்டி ஆறியது. சாயங்காலம் ஆளுக்கு ஒரே ஒரு தடவை, நடுவில் ஒரு மணி நேர இடைவெளி விட்டு, முக்கால் வேகத்தில் ஓட்டினோம். அன்றைய தினத்தின் சிறந்த சுற்றுகள் அவைதாம் என்று இருவருமே நினைக்கிறோம். டிராக்கில் லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான் கிடைத்தது. பெட்ரோல், புது பேட், லாட்ஜ், கட்டணம் எல்லாம் கூட்டினால் எனக்கு ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு போய்விட்டது. மறுபடி போவேனா? போவேன், தனி ஆளாக, நல்ல பேட் போட்டுக்கொண்டு.

அன்று இரவே திரும்பக் கூடாது, உடம்பு சோர்ந்திருக்கும். தங்கிவிட்டு, ஊர் வேலை ஒன்று இருந்ததால் திங்கட்கிழமை மதியத்துக்கு மேல்தான் கிளம்ப முடிந்தது. கிளம்பும் முன் பிரேக்கை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டோம். அணைக்கரைக்கு வரும்போது இருட்டிவிட்டது. கடைசி எண்பது கிலோமீட்டரை சித்தி பையனிடம் கொடுத்தேன். 90-ல்தான் போனான், நான் எதுவும் சொல்லவில்லை. கும்பகோணம் தாண்டியதும், தூரத்தில் சாலையோரம் தார்ப்பாய் ஒன்று தெரிவதற்கு வெகு முன்பே அவன் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டது. ஹெட்லைட்டைத் தணித்தான். குவியலைக் கடக்கும்போது முள் 40-ல் இருந்தது. போர்வைக்குள் படுத்திருந்தவர் அசையவே இல்லை.

வீட்டு வாசலில் அப்பா காத்திருந்தார். என்னையோ அவனையோ விசாரிப்பதற்கு முன்னால் காரைச் சுற்றி வந்தார். டயரின் விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

"பிரேக்கு தீய்ஞ்ச வாசம் வருதே?"

"பேட் மாத்தணும்பா."

"காலையிலேயே மாத்திடு. பத்து மணிக்குக் கொள்முதல் நிலையத்துக்குப் போகணும். ஸ்டெப்னிய எடுத்து உள்ள போடு." கொஞ்சம் யோசித்து, "பிள்ளையார் எங்க?" என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.